பழைய லேத்தின் ஸ்பிண்டில் பெயாரிங்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டு நீக்குதல்

மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் பட்டறைகளிலும், ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களின் லேத் கடைகளிலும், இங்கிலாந்தில் செய்த பழைய லேத்துகள் (கடைசல் இயந்திரங்கள்) இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நடுக்கம் வந்தாலும், சத்தம் வந்தாலும், சூடு வந்தாலும் "பெயாரிங் போய்விட்டது" என்பதே முதலில் சொல்லப்படும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நம்பித் திறந்த ஹெட்ஸ்டொக்குகள் (வேலைப்பொருளைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைத் தாங்கும் தலைப்பெட்டிகள்) பலவற்றில் பெயாரிங் நன்றாகவே இருந்திருக்கிறது. திறந்து மூடியதால் வந்த கோளாறே மிஞ்சியது. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலிலும், பெயாரிங் மாற்றுவது கடைசியிலும் வருகின்றன. பிரதான சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்ட பிறகே ஸ்பிண்டிலில் கை வைக்கவேண்டும்.

தொடங்குமுன்: எந்த வகை பெயாரிங்?

ஹெட்ஸ்டொக்கின் மேல் சொட்டு எண்ணெய்க் கிண்ணங்கள் இரண்டும், அவற்றின் கீழே போல்ட் போட்ட மூடிகளும் இருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் வைட் மெட்டல் (மென்மையான வெள்ளை உலோகக் கலவை) அல்லது வெண்கலத்தால் ஆன பிளவுபட்ட புஷ் (ஸ்பிண்டில் சுழலும் உருளை உறை) ஆகும். மைஃபோர்ட் எம்எல்7 என்னும் சிறிய லேத் இந்த வகையைச் சேர்ந்தது. அதன் அண்ணன் போன்ற சுப்பர் 7இல் முன்பக்கம் கூம்பு வடிவ வெண்கல புஷ்ஷும் பின்பக்கம் கோணத் தொடுகைக் குண்டுப் பெயாரிங் இரண்டும் உள்ளன. ஹெட்ஸ்டொக்கின் முகத்தில் எண்ணெய் மட்டம் பார்க்கும் கண்ணாடி இருந்து, உள்ளே பற்சக்கரங்கள் எண்ணெயில் சுழன்றால், அது டேப்பர் ரோலர் (கூம்பு வடிவ உருளை) பெயாரிங் வைத்த லேத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கொல்செஸ்டர் லேத்துகள் பலவற்றில் கேமட் என்னும் டேப்பர் ரோலர் பெயாரிங் பொருத்தப்பட்டிருக்கும். வகை தெரியாமல் எந்த நட்டையும் திருகக் கூடாது.

பழைய கையேடுகளில் அளவுகள் அங்குலத்தில் இருக்கும். 0.001 அங்குலம் என்பது 0.025 மில்லிமீற்றர் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அறிகுறி 1: கடையும்போது நடுக்கம், வேலைப்பொருளில் வரிவரியான தழும்பு

*பெயாரிங்குக்கு வெளியே உள்ள காரணங்கள்*

நடுக்கம் பார்ட்டிங் டூல் (வேலைப்பொருளைத் துண்டிக்கும் டூல்) போடும்போது மட்டும் வருகிறதா, சாதாரண வெட்டிலும் வருகிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும். பார்ட்டிங்கில் மட்டும் வந்தால், டூல் வெளியே நீண்டிருக்கும் அளவைக் குறைத்து, முனையைத் தீட்டி, மைய உயரத்தைச் சரிபார்த்து, டூலைச் சுமந்து நகரும் கெரியேஜைப் பூட்டிவிட்டு மறுபடி வெட்டவும். அநேகமாக அங்கேயே பிரச்சினை முடிந்துவிடும்.

சாதாரண வெட்டிலும் வந்தால், குறொஸ் ஸ்லைடையும் மேல் ஸ்லைடையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஸ்லைடின் தளர்வை நீக்கும் கிப் பட்டிகளை இறுக்கவும். அடுத்தது, வேலைப்பொருளைப் பிடிக்கும் சக். அதன் தாடைகளின் வாய் தேய்ந்து விரிந்திருந்தால், கம்பியின் அடிப்பகுதி மட்டும் பிடிபட்டு, வெளிப்பக்கம் தளர்ந்து நிற்கும். ஒரு நேரான கம்பியைப் பிடித்து, தாடைக்கும் கம்பிக்கும் இடையே முன்பக்கத்தில் மெல்லிய ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். சக்கைத் தாங்கும் பேக்பிளேட்டின் போல்ட்டுகளையும் அப்போதே இறுக்கிவிடவும்.

பழைய தொழிற்சாலைகளில் லேத் மரப்பலகைத் தளத்தின் மேலோ, வெடித்த கொங்கிறீட்டின் மேலோ நிற்பதுண்டு. ஓடும்போது ஒவ்வொரு காலின் அருகிலும் உள்ளங்கையைத் தரையோடு வைத்துப் பார்த்தால், நடுக்கம் தரையிலும் இருக்கிறதா என்று தெரியும். ஒரு கால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் அதன் கீழ் இரும்புத் தகடு வைத்து அடைக்கவேண்டும்.

*பிளே அளக்கும் சோதனை*

இவை எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் நின்றபாடில்லை என்றால், ஸ்பிண்டிலில் பிளே (தளர்வு) இருக்கிறதா என்று அளக்கவேண்டும். கையால் சக்கைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. 0.01 மில்லிமீற்றர் காட்டும் டயல் கேஜ் தேவை.

பெல்ட்டைத் தளர்த்தவும். கேஜின் காந்த அடியை ஹெட்ஸ்டொக்கின் வார்ப்பின் மேலேயே நிறுத்தி, முனையை ஸ்பிண்டிலின் மூக்கில், சக்குக்குப் பின்னால் தெரியும் துப்புரவான வளையத்தின் உச்சியில் வைக்கவும். சக்கின் மேல் வைத்தால் சக்கின் தளர்வும் கணக்கில் சேர்ந்துவிடும். இனி ஒரு மீற்றர் நீளமுள்ள கடினமான மரச்சட்டத்தைச் சக்கின் அடியில் கொடுத்து, பெட்டின் (லேத்தின் நீண்ட அடித்தளம்) மேல் ஒரு மரத்துண்டைத் தாங்கலாக வைத்து, நிதானமாக நெம்பவும். முள் ஏறும் இடத்தைக் குறித்துக்கொண்டு கையை விட்டால், அது பழைய இடத்துக்குத் திரும்பவேண்டும். பிறகு மேலிருந்து கீழே அழுத்தி அதையும் குறிக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பிளே.

இதே சோதனையைக் காந்த அடியைப் பெட்டின் மேல் வைத்து இன்னொரு முறை செய்யவும். முதல் முறையைவிட முள் கூடுதலாக நகர்ந்தால், ஹெட்ஸ்டொக்கைப் பெட்டோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். இறுக்கிவிட்டுத் திரும்ப அளக்கவும்.

சிறிய லேத்தின் புஷ் வகைப் பெயாரிங்கில் 0.02 முதல் 0.04 மில்லிமீற்றர் வரை பிளே இருப்பது வேலைக்குத் தேவையானதே. எண்ணெய்ப் படலத்துக்கு இடம் வேண்டும். 0.06க்கு மேல் போனால் சரிசெய்யவேண்டும். டேப்பர் ரோலர் வகையில் முள் 0.01க்கு மேல் நகரக் கூடாது. நகர்ந்த அந்தச் சிறிய அளவும் வார்ப்பு வளைவதால் வருவதாக இருக்கவேண்டும், அதாவது கையை விட்டதும் முள் தானாகப் பூச்சியத்துக்குத் திரும்பவேண்டும்.

*பிளே இருந்தால்: பிளவுபட்ட புஷ்*

மூடிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இரு பக்கமும் இடைவெளியை அடைக்கும் சிம் தகடுகள் இருக்கும். எம்எல்7இல் இவை மெல்லிய தாள்களை ஒட்டி அடுக்கியது போன்றவை. கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பினால் ஒவ்வொரு தாளாக உரிந்து வரும். இரு பக்கமும் சமமாக ஒரு தாள் உரித்து, மூடியை முன்பிருந்த அதே இறுக்கத்துக்கு இறுக்கி, மறுபடி அளக்கவும். ஒரே தடவையில் பல தாள் உரிப்பவர்கள் பிறகு சிம் தேடி அலைகிறார்கள். உரித்த தாளை எறியாமல் மெஷினின் பெயர் எழுதி ஒரு கடித உறையில் போட்டு வைக்கவும்.

சரியான இறுக்கத்தில் சக்கைக் கையால் சுழற்றிவிட்டால் அது ஒரே சீராகச் சுழன்று மெல்ல நிற்கும். ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால், ஸ்பிண்டில் வளைந்திருக்கலாம், அல்லது புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கலாம். அந்த நிலையில் சிம்மைக் குறைத்துக்கொண்டே போவது பயன் தராது. சிம் எல்லாம் தீர்ந்தும் பிளே இருந்தாலோ, வைட் மெட்டலில் எண்ணெய்க் கால்வாய் மறையுமளவுக்குத் தேய்ந்திருந்தாலோ, அது புதிதாக வார்த்துக் கடைவிக்கவேண்டிய வேலை. கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போகவும்.

*பிளே இருந்தால்: டேப்பர் ரோலர்*

ஸ்பிண்டிலின் பின்முனையில் இருக்கும் சரிசெய்யும் நட்டைப் பூட்டியிருக்கும் சிறு ஸ்க்ரூவைத் தளர்த்தி, நட்டை ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இறுக்கவும். ஒவ்வொரு முறையும் ஸ்பிண்டிலைப் பல தடவை கையால் சுழற்றி, ரோலர்கள் இருப்பிடத்தில் அமர்ந்த பிறகே அளக்கவேண்டும். கேமட் பெயாரிங்கில் சில வகைகளுக்குப் பின்பக்கத்தில் ஸ்பிரிங்குகளே முன்னழுத்தம் (பெயாரிங்கைத் தளர்வில்லாமல் வைக்கும் அழுத்தம்) கொடுக்கின்றன. அங்கே நட்டைத் திருகுவதால் கெடுதலே தவிர நன்மை இல்லை. கையேட்டைப் பார்க்கவும்.

அறிகுறி 2: ஃபேசிங் செய்த (குறுக்கே வெட்டித் தட்டையாக்கிய) முகத்தில் அலை

கெரியேஜைப் பூட்டிவிட்டு ஒரு முகத்தை வெட்டிப் பார்க்கவும். அலை மறைந்துவிட்டால் குற்றம் கெரியேஜிலோ லீட் ஸ்க்ரூவிலோ தான். மறையாவிட்டால் டயல் கேஜின் முனையை ஸ்பிண்டில் மூக்கின் முகத்தில் வைத்து, ஸ்பிண்டிலை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கவும். 0.02க்கு மேல் போனால், புஷ் வகை லேத்தில் பின்பக்கத்து திரஸ்ட் பெயாரிங்கின் (நீளவாட்டு அழுத்தத்தைத் தாங்குவது) நட்டை ஒரு சிறிது இறுக்கினால் போதும். திரஸ்ட் வளையம் முழுதாகத் தேய்ந்திருந்தால் மாற்றவும். இது மலிவான பொருள். ஸ்பிண்டிலை வெளியே எடுக்காமலே பல மெஷின்களில் மாற்றிவிடலாம்.

அறிகுறி 3: ஹெட்ஸ்டொக் சூடேறுதல்

உள்ளங்கையைப் பெயாரிங் இருக்கும் இடத்தின் மேல் வைத்து, தொடர்ந்து வைத்திருக்க முடிந்தால் கவலை இல்லை. சில நொடிகளில் கையை எடுக்கவேண்டியிருந்தால் சூடு ஏறத்தாழ 60 பாகை செல்சியஸை எட்டிவிட்டது, உடனே நிறுத்தவும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கங்களில் பட்டறையே குளிர்ந்திருப்பதால், சமவெளியில் எச்சரிக்கை தரும் சூடு இங்கே தாமதமாகத்தான் கைக்குத் தெரியும். கையை மட்டும் நம்பாமல் ஒரு வெப்பமானியை வைத்து, அறையின் வெப்பத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பதே சரி. 25 பாகை வரை கூடுவது இயல்பு.

முதல் காரணம் எண்ணெய். ஸ்டோரில் எது இருக்கிறதோ அதை ஊற்றுவது தோட்டத்து வழக்கம். கியர் பொக்ஸுக்கு வந்த 220ஆம் பாகுத்தன்மைத் தர எண்ணெயையும், லொறிக்கு வந்த எஞ்சின் எண்ணெயையும் ஸ்பிண்டிலில் கண்டிருக்கிறேன். காலைக் குளிரில் அது தேன்போலக் கெட்டியாகி, புஷ்ஷுக்குள் நுழையாமல் கிண்ணத்திலேயே நிற்கிறது. மைஃபோர்ட் போன்ற சிறிய புஷ் லேத்துகளுக்கும் பெரும்பாலான டேப்பர் ரோலர் ஹெட்ஸ்டொக்குகளுக்கும் 32ஆம் தர ஹைட்ரொலிக் எண்ணெய் பொருத்தமானது. எண்ணெயை மாற்றும்போதே கிண்ணத்துத் திரியையோ ஃபெல்ட்டையோ கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துவாரம் அடைபடாமல் இருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் பார்க்கவும். பழைய எண்ணெய் பிசினாகிப் படிந்த துவாரங்களே சூட்டுக்கு முதற்குற்றவாளி.

இரண்டாவது, பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுழற்றினால் லேசாகவும், பெல்ட்டோடு பாரமாகவும் இருந்தால் இறுக்கத்தைக் குறைக்கவும்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் பெயாரிங்கின் முன்னழுத்தம் கூடிவிட்டது என்ற முடிவுக்கு வரலாம். சமீபத்தில் யாராவது நட்டை இறுக்கினார்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

அறிகுறி 4: உறுமல், கடகடப்பு, டக்டக் சத்தம்

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காது தனியாகச் சொல்லாது. வார்ப்பிரும்பு எல்லாச் சத்தத்தையும் எங்கும் கடத்திவிடும். ஆகவே ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கவேண்டும். பெல்ட்டைக் கழற்றி மோட்டரை மட்டும் ஓட்டவும். சத்தம் அங்கேயே இருந்தால் மோட்டரின் பெயாரிங்தான். இல்லையென்றால் பெல்ட்டை மாட்டி, வேகத்தைக் குறைக்கும் பேக் கியரை விலக்கி, லீட் ஸ்க்ரூவை ஓட்டும் சேஞ்ச் கியர்களைப் பிரித்து ஓட்டவும். சத்தம் நின்றுவிட்டால் பற்சக்கரம். பெல்ட்டின் ஒட்டு ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று அடிப்பதும் உண்டு. பெல்ட்டின் வேகத்தோடு சத்தம் பொருந்துகிறதா, ஸ்பிண்டிலின் வேகத்தோடு பொருந்துகிறதா என்று எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

எல்லாவற்றையும் விலக்கிய பின்னும் உறுமல் இருந்தால், மின்சாரத்தை அணைத்து, ஸ்பிண்டிலை மிக மெதுவாகக் கையால் சுழற்றவும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெயாரிங் மூடியிலும், பிடியைக் காதோரத்து எலும்பிலும் வைத்துக்கொண்டால், நல்ல பெயாரிங்கில் வழவழப்பான சீறல் மட்டும் கேட்கும். பள்ளம் விழுந்த பெயாரிங்கில், மணலில் நடப்பதைப்போன்ற கரகரப்பு கேட்கும். சில இடங்களில் விரலுக்கே தடங்கல் தெரியும்.

அடுத்து எண்ணெயை வடித்துவிட்டு, மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, வெள்ளைத் துணியில் வடிகட்டவும். கரித்தூள் போன்ற கரிய மாவு சாதாரணத் தேய்மானம். சூரிய ஒளியில் துணியைச் சாய்த்தால் கண்ணாடித் துணுக்குபோல மின்னி, காந்தத்தில் ஒட்டும் தட்டையான துகள்கள் இருந்தால், வளையத்தின் பாதையில் உரிதல் தொடங்கிவிட்டது. அதை எந்த நட்டாலும் சரிசெய்ய முடியாது. மாற்றவேண்டும்.

இந்தப் பள்ளங்களுக்குக் கிட்டத்தட்ட யாரும் யோசிக்காத காரணம் ஒன்று உண்டு. சக்கில் பிடித்த தண்டில் வெல்டிங் செய்து, எர்த் கிளாம்பை லேத்தின் பெட்டில் போட்டால், மின்னோட்டம் முழுவதும் ஸ்பிண்டில் பெயாரிங்குகள் வழியாகவே போகும். ரோலருக்கும் வளையத்துக்கும் இடையே தீப்பொறி விழுந்து சிறு சிறு குழிகள் உண்டாகும். தேய்ந்த தண்டின் மேல் வெல்டிங் ஏற்றிக் கடையும் பழக்கம் உள்ள பட்டறைகள் எர்த் கிளாம்பை வேலைப்பொருளிலேயே போடவேண்டும், அல்லது தண்டை வெளியே எடுத்து வெல்டிங் செய்யவேண்டும்.

அறிகுறி 5: கடைந்த தண்டு ஒரு பக்கம் பெரிதாகிறது

இது பெயாரிங் கோளாறாக இருப்பது அரிது. 25 மில்லிமீற்றர் கம்பியை 150 மில்லிமீற்றர் வெளியே விட்டு, மறுமுனையில் டெயில்ஸ்டொக் தாங்கல் இல்லாமல் லேசாகக் கடைந்து, இரு முனைகளையும் மைக்ரோமீற்றரால் அளக்கவும். வட்டம் சரியாக இருந்து விட்டம் மட்டும் மாறினால், பெட் முறுக்கியிருக்கிறது. கால்களின் கீழ்த் தகடுகளை மாற்றி மட்டப்படுத்தவும். அதே இடத்தைப் பல கோணங்களில் அளக்கும்போது விட்டம் மாறினால் மட்டுமே பெயாரிங்கைச் சந்தேகிக்கவேண்டும். அப்போது அறிகுறி 1இன் சோதனைக்குத் திரும்பவும்.

எண்ணெய் பால்நிறமாக மாறினால்

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் மூடுபனி பட்டறைக்குள்ளேயே வந்துவிடும். இரவில் குளிர்ந்த வார்ப்பின் உட்புறத்தில் நீர் வேர்த்து எண்ணெயில் கலந்தால் அது பால்நிறமாகும். அந்த எண்ணெயை மாற்றி, மெஷின் வேலையின்றி நிற்கும் காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டவும். நிறுத்தி வைத்த ரோலர் பெயாரிங், ரோலர் தொட்டு நின்ற இடத்திலேயே துருப்பிடித்து வரிவரியான தழும்பு வாங்கும்.

மாற்றுவது என்று முடிவான பின்

பெயாரிங்கின் பக்கத்தில் பொறித்த எண்ணை முழுமையாக, பின்னொட்டெழுத்துகளையும் சேர்த்து எழுதவும். எண் ஒன்றாயிருந்தாலும் துல்லியத் தரம் வேறுபடும். சாதாரண தரத்தைவிட பி5, பி4 என்பவை துல்லியமானவை, விலையும் அதற்கேற்ப உயரும். புஷ்ஷும் தேயிலை ரோலரின் தண்டும் கடையும் பட்டறைக்கு, சாதாரண எண் உள்ள டேப்பர் ரோலரில் நம்பகமான உற்பத்தியாளரின் சாதாரண தரமே போதும் என்பது என் கருத்து. துல்லியமான வேலைக்குப் பி5. லொறியின் ஹப்பிலிருந்து கழற்றிய பழைய பெயாரிங் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் அளவுக்குப் பொருந்திக் கிடைத்தாலும் ஸ்பிண்டிலில் போடக் கூடாது.

கழற்றும்போது ஒவ்வொரு நிலையையும் கைத்தொலைபேசியில் படம் எடுக்கவும். ஸ்பிண்டில் பெரும்பாலான லேத்துகளில் சக் பக்கமாகவே வெளிவரும். சுத்தியலால் அடிக்காமல், ஹெட்ஸ்டொக்கின் முகத்தில் தடித்த தகடும் மரக்கட்டைகளும் வைத்து, ஸ்பிண்டில் துவாரம் வழியாக விட்ட நீண்ட போல்ட்டால் இழுக்கவும். பற்சக்கரங்களும், அவற்றைத் தண்டோடு பூட்டும் சாவிக் கட்டைகளும் வரும் ஒழுங்கிலேயே ஒரு பலகையில் அடுக்கவும். வெளியே வந்த ஸ்பிண்டிலின் பெயாரிங் இருக்கைகளை மைக்ரோமீற்றரால் அளக்கவும். உள்வளையம் சுழன்று தேய்த்த அடையாளமோ, நீலமாகச் சூடேறிய நிறமோ தெரிந்தால் அங்கேயே நிறுத்தவும். புதிய பெயாரிங் அந்த இருக்கையில் நிற்காது.

புதிய உள்வளையத்தைச் சூடாக்கியே ஏற்றவேண்டும். 80 முதல் 90 பாகை போதுமானது, 120ஐத் தாண்டவே கூடாது. வெப்பமானி இல்லாதவர்களுக்கு மலைநாட்டில் ஒரு வசதி உண்டு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். பெயாரிங்கை எண்ணெய் ஊற்றிய தகரத்தில் மூழ்கவைத்து, அடியைத் தொடாமல் கம்பி வலையில் நிறுத்தி, அந்தத் தகரத்தைக் கொதிக்கும் நீர்ப் பானைக்குள் வைத்தால், எவ்வளவு நேரம் எரித்தாலும் எண்ணெய் அந்தச் சூட்டைத் தாண்டாது. எண்ணெய்க்குள் ஒரு துளி நீரும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அரைமணி கழித்துத் தடித்த கையுறையோடு எடுத்து, தயக்கமில்லாமல் ஒரே தள்ளலில் தோள் வரை ஏற்றி, குளிரும்வரை நட்டால் பிடித்து வைக்கவும்.

வெளிவளையத்தை ஏற்ற, பழைய வெளிவளையத்தின் சுற்றளவைக் கல்லில் சிறிது தேய்த்து, ஓரிடத்தில் அறுத்துக்கொண்டால் அருமையான தட்டு வளையம் கிடைக்கும். அது துவாரத்தில் சிக்கிக்கொள்ளாது, அழுத்தமும் சுற்றிலும் சமமாக விழும். ரோலர்கள் வழியாக அடி விழுமாறு ஒருபோதும் தட்டக் கூடாது.

முன்னழுத்தத்தைக் கையேடு இழுவிசையாகக் குறிப்பிட்டிருந்தால், சக் பேக்பிளேட்டைச் சுற்றிக் கயிறு கட்டி ஸ்பிரிங் தராசால் இழுத்து அளக்கலாம். கொழுந்து நிறுக்கும் தராசு இதற்கு ஆகாது, அதன் ஒரு கோட்டுக்குள்ளேயே நமக்கு வேண்டிய முழு அளவும் அடங்கிவிடும். சில கிலோவரை மட்டும் காட்டும் சிறிய தராசு வேண்டும்.

முதல் ஓட்டம் மிகக் குறைந்த வேகத்தில் அரைமணி. பிறகு வேகத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டி, ஒவ்வொன்றிலும் சூடு நிலைபெறும்வரை ஓட்டவும். சூடு ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி, முன்னழுத்தத்தைக் குறைக்கவும். கடைசியாக அறிகுறி 5இன் கம்பிச் சோதனையைத் திரும்பச் செய்து, ஹெட்ஸ்டொக் நேராக நிற்கிறதா என்று பார்க்கவும்.

எப்போது வெளியில் கொடுக்கவேண்டும்

வைட் மெட்டலை வார்ப்பதும் கடைவதும், தேய்ந்த இருக்கையைக் குரோம் ஏற்றிக் கிரைண்டிங் செய்வதும், வளைந்த ஸ்பிண்டிலை நேராக்குவதும், ஹெட்ஸ்டொக் துவாரத்தில் வெளிவளையம் சுழன்று பெரிதாகிவிட்ட நிலையும் தோட்டப் பட்டறைக்குரிய வேலைகள் அல்ல. ஸ்பிண்டில் மூக்கு சுழலும்போது டயல் கேஜில் 0.02க்கு மேல் ஆடினாலும் அப்படியே. எஞ்சின் கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங் செய்யும் பெரிய பட்டறைகள் கண்டியிலும் கொழும்பிலும் உள்ளன. ஸ்பிண்டிலின் இருக்கைகளை அந்த மெஷினிலேயே கிரைண்டிங் செய்ய முடியும். கேட்கும்போது மீதமுள்ள கடினத்தன்மை அடுக்கு எவ்வளவு ஆழம் தாங்கும் என்றும் கேட்கவேண்டும்.

முழு லேத்தையும் லொறியில் ஏற்றத் தேவையில்லை. வைட் மெட்டல் வேலைக்கு ஹெட்ஸ்டொக்கையும் ஸ்பிண்டிலையும் சேர்த்தே அனுப்பவேண்டும், ஏனெனில் புஷ் அந்த ஸ்பிண்டிலின் அளவுக்கே கடையப்படும். மற்ற வேலைகளுக்கு ஸ்பிண்டிலோடு புதிய பெயாரிங்குகளையும் அனுப்பவும். எழுதி அனுப்பும் அளவை நம்பிக் கிரைண்டிங் செய்தால் பொருத்தம் தளர்ந்துவிடுகிறது. கையில் உள்ள பெயாரிங்கை அளந்து செய்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஸ்பிண்டிலுக்குக் கிரீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி, மரப்பெட்டியில் இரு முனைகளிலும் தாங்கல் வைத்து அனுப்பவும். ஒப்படைக்கும் இடத்திலேயே முடிவு அளவை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.